மொத்தம் நூறு வர வேண்டும்

வியாழக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள் என்று
எச்.ஆர். பெண் நீட்டிய தாளில்
நான்கு கட்டங்கள்.
பெயர், உறவு, பிறந்த தேதி, சதவீதம்.
அடியில் பொடி எழுத்தில்
மொத்தம் நூறு வர வேண்டும்.

குவைத்துக்கு வந்த புதிதில்
இதே தாளை நின்றபடியே நிரப்பினேன்.
அப்பா பெயர். நூறு.
கையெழுத்துப் போட்டுவிட்டு ஊசி போட ஓடினேன்.
அப்பா போய் ஆறு வருடம்.
நான் செத்தால் வரும் பணத்துக்கு
இன்றுவரை அவர்தான் காத்திருக்கிறார்
மார்த்தாண்டம் கல்லறைத் தோட்டத்தில்.

இது எபனேசர் செத்த பிறகு வந்த புத்தி.
லேபில் இருந்தவன். முப்பத்தொன்பது.
நைட் ஷிப்டில் நெஞ்சைப் பிடித்தவனை
எங்கள் வார்டுக்கே தள்ளிவந்தார்கள்,
எங்கள் கையிலேயே போனான்.
மறுநாள் பெனிலா ஊரிலிருந்து கூப்பிட்டாள்.
அழுது முடித்து, மூக்கை உறிஞ்சி,
அக்கா, எந்த பேங்க்குன்னாவது தெரியுமா என்றாள்.
எனக்கு எப்படித் தெரியும்.
எல்லாம் போனில் இருக்கிறது என்பானாம்.

பிள்ளைகளின் பிறந்தநாளைப் போட்டுப் பார்த்தோம்.
கல்யாண நாளைப் போட்டோம்.
பிறகு, சொல்லக் கூசுகிறது,
பிணவறைக்குள் போனைக் கொண்டுபோய்
அவன் கட்டைவிரலைத் துடைத்து
வைத்து அழுத்தினேன்.
மீண்டும் முயற்சிக்கவும் என்றது திரை.
இடது கை விரலையும் வைத்தேன்.
ரத்தம் ஓடாத விரலை
போன் நம்புவதில்லை.

இன்று அப்பாசியா அறையில்
டூட்டி ஷீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன்
எனக்கென்று என்னவெல்லாம் இருக்கிறது என்று.
பதினோரு சென்ட். பவர் தம்பி கையில்.
ரத்து செய்யணும் என்று எழுதினேன்,
அடித்தேன், மறுபடி எழுதினேன்.
பாதி கட்டிய வீடு. பட்டா அவர் பேரில்,
கான்கிரீட் வரை என் ஓவர்டைம்.
பதினேழு பவுன், அதில் ஒன்பது அடகில்.
சீட்டு இரண்டு லட்சம்,
பிடித்தவள் இப்போது சலாலாவில் என்கிறார்கள்.
நாத்தனாருக்குக் கொடுத்தது எழுத்தில் இல்லை.
எழுதி முடித்துப் பார்த்தால்
அரைப் பக்கம்தான் வருகிறேன்.

பிறகு அந்தத் தாள்.
அபிஷாவுக்கு அறுபது.
பதினாலு வயது, கார்டியன் போட வேண்டும்.
அவர் பெயரை எழுதப்போன பேனா
அங்கேயே நின்றது, மை ஊறிப் பொட்டானது.
நல்லவர்தான்.
கேட்டவனுக்கெல்லாம் கொடுக்கிற நல்லவர்.
சித்தி பெயரை எழுதினேன்,
கணக்கு டீச்சர்,
ஓசியில் ஒரு சிரிப்புகூடக் கொடுக்காதவள்.
அம்மாவுக்கு இருபது.
அவருக்குப் பன்னிரண்டு.
மாமியாருக்கு ஐந்து, கண் ஆபரேஷனுக்கு.
பெனிலாவுக்கு மூன்று, ஏன் என்று தெரியாமல்.
மெர்லிட்டாவுக்கு நான்கு.

கூட்டினால் நூற்றி நான்கு.

இன்னொரு தரம் கூட்டினேன்.
சித்தி பார்த்தால் காதைத் திருகுவாள்.

மேல் கட்டிலில் மெர்லிட்டா புரண்டாள்.
டெங்கு வந்து அபிஷா ஐசியூவில் கிடந்தபோது
நான் வாய் திறக்குமுன்பே
தலையணைக்கடியில் இருநூறு தினார் வைத்தவள்.
மூன்று வருடமாகத் திருப்பிக் கேட்காதவள்.
உறவு என்ற கட்டத்தில் அவளை என்னவென்று எழுத?
அழிரப்பரால் அந்த வரியை அழிக்க முடியாது,
பேனாவால் எழுதியது.
புதுத் தாள் வாங்கினேன்.

சம்பளம் விழுந்த அன்று
எக்ஸ்சேஞ்சுக்குப் போகிற வழியில்
ஐம்பது தினாரை அவள் கையில் திணித்தேன்.
எதற்கு என்றாள்.
நான் இன்னும் சாகவில்லை, அதற்கு என்றேன்.
இங்கிலீஷில் அது சரியாக வரவில்லை.
அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

இரவு அபிஷாவைக் கூப்பிட்டு
ஒரு நோட்டு எடு மக்களே, எழுது என்றேன்.
பேங்க் பெயர். கணக்கு எண்.
அடகுச் சீட்டு பைபிளுக்குள், சங்கீதம் பக்கத்தில்.
என் போனைத் திறக்கிற ஆறு எண்கள்.
எழுதிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள்.
எங்கம்மா போற, என்றாள்.

டூட்டிக்கு, என்றேன்.
கடைசி எண் ஏழா ஒன்றா, தெளிவா எழுது.